ஊழிய அறிக்கையில் வராத பேர்கள்

ஒரு பழைய தாளை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். 2007 ஜூலையில் எங்கள் சபையின் மாதப் பத்திரிகையில் வந்த ஊழிய அறிக்கை. இரண்டு பக்கம், நான்கு படம். எழுதியவன் நான்தான்.

விமர்சனம் என்றால் கதை, கவிதை, நாவலைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நம்ம சனங்களை எழுதிவைத்திருப்பது கதைக்காரர்கள் மட்டுமா? போலீஸ் ரெக்கார்டு எழுதுகிறது. தாலுகா ஆபீஸ் ஃபைல் எழுதுகிறது. ஊழிய அறிக்கை எழுதுகிறது. முதல் இரண்டின் மேலும் நமக்குச் சந்தேகம் உண்டு. மூன்றாவதை மட்டும் "நல்ல காரியந்தானே, அதுல போய் என்னா நொட்டை சொல்றது" என்று விட்டுவிடுகிறோம். அதுவும் ஒரு பிரதிதான். அதற்குள்ளும் யார் பேசுவது, யார் பேசப்படுவது என்ற அதிகாரம் இருக்கிறது. ஊரான் எழுதியதை எடுப்பதைவிட நான் எழுதியதையே எடுத்துவைத்துப் பேசுவதுதான் நியாயம்.

அப்போது எனக்கு 22 வயசு. தென்சென்னையில் ஒரு பெரிய சபை. மே மாத லீவில் வாலிபர் குழு பத்து நாள் 'குறுகிய கால ஊழியம்' போகும். அந்த வருசம் கண்ணகி நகர் போனோம். துரைப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, 2000ஆம் ஆண்டு முதல் குடிசை மாற்று வாரியம் வீடு கட்டி ஆட்களைக் குடியேற்றிய இடம். 2021இல் அந்த வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றினார்கள். ஆற்றங்கரை, ரோட்டோரம் என்று சென்னைக்குள் இருந்த குடிசைகளைக் காலி செய்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்களாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். இங்கிருக்கிற பெண்கள் பலர் அந்தக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கத்தான் போகிறார்கள்.

வேனில் பதினெட்டுப் பேர் போனோம். காலையில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ்., மத்தியானம் வீடு சந்திப்பு, சாயங்காலம் தெருமுனை ஜெபக்கூட்டம். நோட்டு, பென்சில், பிஸ்கட், பழைய துணி கொடுத்தோம். ஒரு நாள் மருத்துவ முகாம். இதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு மருந்து கிடைத்தது நிஜம். வீடு சந்திப்புக்கு என்னைத்தான் முன்னால் விடுவார்கள். "பிரதருக்குத்தான் அவங்க பாஷை நல்லா வருது" என்பார்கள். எப்படி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. என் அம்மா பிறந்தது புதுப்பேட்டையில் கூவத்தின் கரையில் ஒரு குடிசையில். அது என் அம்மாவின் பேச்சு.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன்.

அதில் வருகிற வினைகளை எண்ணிப்பார்த்தேன். 'நாங்கள்' என்று வருகிற இடத்திலெல்லாம் சென்றோம், கொடுத்தோம், போதித்தோம், ஜெபித்தோம். 'அவர்கள்' வருகிற இடத்தில் பெற்றுக்கொண்டார்கள், கண்ணீர் விட்டார்கள், ஆறுதலடைந்தார்கள். இரண்டு பக்கத்திலும் அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் பதினெட்டுப் பேரின் பேரும் அகர வரிசையில் இருக்கிறது. அவர்களில் ஒருத்தருக்கும் பேர் இல்லை. 'ஒரு சகோதரி', 'ஒரு தாயார்', 'குடிக்கு அடிமையான ஒரு சகோதரன்', அவ்வளவுதான்.

'அந்தகாரம்', 'சாபக்கட்டு', 'பாவப்பழக்கம்' என்ற வார்த்தைகள் பதினோரு இடத்தில் வருகின்றன. சாதி என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. காலி செய்தார்கள் என்பதும் இல்லை. வீட்டு வேலை செய்துகொண்டிருந்த தெருக்கள் 15, 20 கிலோமீட்டர் தள்ளிப்போனதும், பஸ்ஸுக்கே கூலியில் பாதி போனதும், கண்ணகி நகர் விலாசம் சொன்னால் வேலை தர யோசிக்கிறார்கள் என்பதும் அதில் இல்லை. இதையெல்லாம் அவர்கள் என்னிடம் சொல்லாமல் இல்லை. சொன்னார்கள். நான் அதை ஜெபக்குறிப்பாக மாற்றினேன். 'வேலைவாய்ப்பின்றித் தவிக்கும் குடும்பங்களுக்காக ஜெபிப்போம்' என்று ஒரே வரி. யார் செய்தது என்ற கேள்வி அந்த வரியில் செத்துப்போகிறது. மனுசன் செய்த காரியம், வானத்திலிருந்து விழுந்த சாபம் மாதிரி ஆகிவிடுகிறது.

மூன்றாம் நாள் வி.பி.எஸ். பாடம் சமாரியப் பெண். கிணற்றங்கரையில் தண்ணீர் கேட்கிற இயேசு. தீண்டக்கூடாத சாதிப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார் என்று நான்தான் படம் காட்டிச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்கு மத்தியானமும் நாங்கள் வேனில் கொண்டுபோன கேன் தண்ணியைத்தான் குடித்தோம். அங்கே பச்சைத்தண்ணி குடிக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். உடம்புக்கு ஆகாது என்று காரணம். டீ போட்டுக்கொடுத்த வீட்டிலும் "உபவாசம்" என்று சொல்லித் தப்பித்தோம். கொதிக்கவைத்த டீயில் என்ன கிருமி?

வீடு சந்திப்பில் பழக்கமான ஒரு அக்கா இருந்தார். கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பத்திரிகை வந்ததும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அவர் படமும் அதில் இருந்தது, தலையில் யாரோ கைவைத்து ஜெபிக்கிற மாதிரி. "எனக்குப் படிக்க வராது, நீயே படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. 'அசுத்தமும் சோம்பலும் நிறைந்த' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் காலையில் நாலரைக்கு எழுந்து தண்ணி பிடித்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர். அந்த வரியை முழுங்கிவிட்டு அடுத்ததுக்குத் தாவினேன்.

"இன்னாத்துக்கு வுட்டுட்டுப் படிக்கிற தம்பி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

"நான் அழுதேன்னு எழுதிக்கீற. அழுதேன்தான். எதுக்கு அழுதேன்னு எழுதலியே. லாரில ஏத்தி இங்க கொணாந்து வுட்டப்ப ஸ்கூல் பாதிலயே நின்னுபோச்சு பெரியவனுக்கு. அத்தச் சொல்லித்தானே அழுதேன்?" கொஞ்ச நேரம் கழித்து, "பத்து நாளு வந்தீங்க. எங்க வூட்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சியா நீ?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

நான் எழுதியதற்கு வந்த முதல் விமர்சனம் அதுதான். இன்றுவரை அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு வந்ததில்லை.

பிறகு வெகுநாள் நான் ஒரு முடிவில் இருந்தேன்: வேனில் வந்து வேனில் போவதுதான் கோளாறு, கூடவே குடியிருந்து, கூடவே தண்ணி குடித்தால் சரியாகிவிடும் என்று. அந்த எண்ணத்தை உடைத்தது ஜப்பானியர் டோயோஹிகோ ககாவாவின் கதை. 1938இல் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டுக்கு வந்தவர். நம் சபைகளில் இன்றும் பிரசங்க உதாரணமாக வருகிறவர்.

1909 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், 21 வயசில், வேதசாஸ்திர மாணவராக இருந்தபோது கோபே நகரத்தின் ஷின்காவா சேரிக்குள் அவர் குடிபோனார். பத்து நாளுக்கு அல்ல. பல வருசம் அங்கேயே இருந்தார். வீடில்லாதவர்களைத் தன் படுக்கையில் சேர்த்துக்கொண்டார். அங்கே தொற்றிய கண்நோயால் கடைசிவரை அவதிப்பட்டார். 1920இல் வந்த அவரது தன்வரலாற்று நாவல் ஜப்பானில் அமோகமாக விற்றது. 1921இல் கோபே கப்பல்பட்டறைத் தொழிலாளர் போராட்டத்தில் முன்நின்று கைதானார். கேன் தண்ணி கொண்டுபோன நாங்கள் அவர் கால்தூசு பெறமாட்டோம்.

ஆனால் அவரே 1915இல் ஏழைகளின் மனோதத்துவம் பற்றி ஒரு ஆராய்ச்சிப் புத்தகம் போட்டார். ஷின்காவாவில் புராக்குமின் மக்களும் இருந்தார்கள். தோல் வேலை, மாடறுக்கிற வேலை, பிணத்தோடு சேர்ந்த வேலை என்று தீட்டுப்பட்டவர்களாக ஒதுக்கப்பட்ட சனம். 1871இல் சட்டம் போட்டு அந்த இழிநிலையை ஒழித்ததாகச் சொன்ன பிறகும் ஒதுக்கல் போகவில்லை. அவர்களை வேறு இனத்திலிருந்து வந்தவர்கள் என்றும், பிறவியிலேயே குற்றத்தன்மை உள்ளவர்கள் போலவும் அந்தப் புத்தகம் எழுதியது. புராக்கு மக்கள் அதைப் பிற்காலத்தில் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரே பாயில் படுத்தவர், கண்ணையே கொடுத்தவர், எழுத உட்கார்ந்ததும் ஊரான் கண்ணைப் போட்டுக்கொண்டார். தண்ணி குடித்தால் மட்டும் போதாது. அன்பும் பொய்யாக எழுதும்.

அப்படியானால் என்ன போதும்? 1922 மார்ச் 3ஆம் தேதி கியோத்தோவில் புராக்குமின் மக்களே கூடி சுய்ஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். எங்கள்மேல் பரிதாபப்பட்டு நடந்த சீர்திருத்தங்களால் எங்களுக்கு விமோசனம் வரவில்லை, அவை எங்களை இன்னும் கீழாக்கின, எங்கள் விடுதலையை நாங்களே செய்துகொள்வோம் என்ற கருத்தில் அறிக்கை விட்டார்கள். அதை எழுதிய சைக்கோ மன்கிச்சி ஒரு பௌத்த கோயில் குருவின் மகன். அந்தச் சங்கத்துக்குக் கொடி வரைந்ததும் அவர்தான். கறுப்புத் துணியில் ரத்தச் சிவப்பாக ஒரு முள்முடி! ஊழியக்காரர்கள் கொண்டுவந்து காட்டிய முள்முடியை அந்தச் சனம் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது. பாடுபட்டவன் யார் என்பதை அவர்களே சொன்னார்கள். அதுவும் ஒரு அறிக்கைதான். அதில் 'நாங்கள்' என்பது அவர்கள்.

கோர்ட்டில் சாட்சி சொன்னால் குறுக்கு விசாரணை உண்டு. சபையில் சொல்கிற சாட்சிக்கு ஸ்தோத்திரம் மட்டும்தான் உண்டு. ஊழிய அறிக்கையை அதில் வருகிற சனங்கள் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். எனக்கு நடந்தது அதுதான்.

இதோடு முடித்திருந்தால் கட்டுரை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அந்த அக்கா வீட்டில் இன்னொன்றும் நடந்தது. "தப்புதாங்க்கா. அடுத்த மாசம் உங்க பேரைப் போட்டு, நீங்க சொன்னதை அப்படியே எழுதறேன்" என்றேன். அவர் பதறிப்போனார். "பேரு கீரு போட்டுடாத தம்பி. பையன் சர்ட்டிபிகேட்டு கீது."

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார். 1956இல் சீக்கியரையும், 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் வெளியே. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் எடுத்த ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், தன்னைப்போன்ற இந்து ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்குக் கிறிஸ்தவன் என்பதால் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையான இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலும், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று தீர்ப்பு வந்தது.

ஆக, என் அறிக்கையில் அந்த அக்காவுக்குப் பேர் இல்லாமல் போனதற்கு என் திமிர் மட்டும் காரணம் இல்லை. பேர் போட்டிருந்தால் அவர் மகன் காலேஜ் சீட்டில் கைவைத்தவன் ஆகியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பேர், தாலுகா ஆபீஸில் ஒரு பேர் என்று அவரை வாழவைத்திருப்பது அந்தச் சட்டம். 'ஒரு சகோதரி' என்ற வார்த்தைக்குள் அவரும் ஒளிந்துகொண்டிருக்கிறார், நானும்தான்.

சபைக்கு இது தெரியாதா? தெரியும். மாநாடு போட்டுத் தீர்மானம் போடுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள். ஆனால் சேரிக்குள் போய்வந்து எழுதுகிற அறிக்கையில் சாதி என்ற சொல் வராது. எழுதினால் அடுத்த கேள்வி வேனுக்குள்ளேயே வரும். பதினெட்டுப் பேரில் யார் யார் எந்தத் தெரு, யார் வீட்டில் யாருக்குப் பெண் கொடுப்பார்கள் என்று கேட்கவேண்டிவரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எல்லாவற்றையும் அந்தகாரம் என்று எழுதிவிடுகிறோம்.

ஊழியம் போகவேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. போய்வந்து எழுதுகிறவர், அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தத் தெருவுக்குப் போய், அந்தச் சனங்கள் நடுவில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக்காட்டட்டும். அவர்கள் அடிக்கச் சொன்ன வரியை அடிக்கட்டும். பேர் போடமுடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை என்பதை எழுதட்டும். அங்கே தண்ணி கொடுத்தால் குடிக்கட்டும்.

இந்தக் கட்டுரையை அந்த அக்காவிடம் போனவாரம் படித்துக்காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், திருத்திவிட்டேன். அவர் பேரை இன்னும் போடவில்லை.