ஆடுபுலி ஆட்டத்தில் திறன்களின் சேர்க்கை

ஆடுபுலி ஆட்டம் இருவர் ஆடும் தமிழகத் திண்ணை விளையாட்டு. ஒருவர் 3 புலிகளையும் மற்றவர் 15 ஆடுகளையும் ஆளுகிறார். கோயில் மண்டபங்களின் கல்தரையில் செதுக்கப்பட்ட கட்டங்களைத் தமிழகத்தின் பல ஊர்களில் காணலாம். எடப்பாடி உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் இதை ஆடப் பலகை தேவைப்பட்டதில்லை. திண்ணையில் கரிக்கட்டியால் நான்கு கோடு இழுத்து, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் வைத்தால் ஆட்டம் தயார்.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கருத்தைச் சொல்கிறார்கள். எளியவை ஒற்றுமையாக நின்றால் வலியவற்றை வெல்லும் என்பதே அது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல எளிதான கருத்து. ஆனால் ஆட்டத்தின் விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், வெற்றியை முடிவுசெய்வது ஒற்றுமை அல்ல, காய்களின் திறன்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன, எங்கே மோதிக்கொள்கின்றன என்பது என்று தெரியும்.

கட்டமும் விதியும்

பரவலாக வழங்கும் கட்டத்தில் 23 புள்ளிகள் உள்ளன. உச்சியில் 1 புள்ளி. அதிலிருந்து விரிந்து இறங்கும் 4 சாய்கோடுகளை 3 குறுக்கு வரிகள் வெட்டுகின்றன. ஒவ்வொரு வரியும் சாய்கோடுகளுக்கு வெளியே இருபுறமும் நீள்வதால் வரிக்கு 6 புள்ளிகள். வெளிமுனைகள் இருபுறமும் மேலிருந்து கீழாக இணைக்கப்பட்டிருக்கும். சாய்கோடுகள் முடியும் அடிவரியில் 4 புள்ளிகள்.

ஆடுகள் ஒவ்வொன்றாக வைக்கப்படும். 15 ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலி அடுத்த புள்ளிக்கு நகரலாம். அடுத்துள்ள ஆட்டுக்கு அப்பால் அதே கோட்டில் புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். புலி மற்றொரு புலியைத் தாண்ட முடியாது. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். எல்லாப் புலிகளும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் வென்றார். பட்டியில் அடைபடுவது இங்கே ஆடு அல்ல, புலி.

புலிக்கு இருப்பது தாக்கும் திறன். ஆட்டுக்கு அது அறவே இல்லை. அதனால் செய்ய முடிந்தது ஒரு புள்ளியை நிரப்புவது மட்டும். அந்த ஒன்றுமே இரண்டு வேலை செய்கிறது. புலி நகரும் வழியை மறைக்கிறது. முன்னால் நிற்கும் ஆட்டின் மேல் புலி தாண்டி இறங்கும் இடத்தையும் மறைக்கிறது. இரண்டாவது வேலையைப் புரிந்துகொள்ளாதவர் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால் விரைவில் எழுந்துவிடுவார்.

புலிக்குப் புலியே தடை

உச்சியில் தனியாக நிற்கும் ஒரு புலியை அடைக்க எத்தனை ஆடுகள் வேண்டும்? அதற்கு 4 வழிகள். ஒவ்வொரு வழியிலும் முன்னால் ஓர் ஆடு, அதன் பின்னால் காவலாக ஓர் ஆடு. மொத்தம் 8. அதே புலிக்கு நேர்கீழே நடுவிலுள்ள இரண்டு புள்ளிகளில் மற்ற இரு புலிகள் நின்றால் அந்த இரண்டு வழிகளும் தாமே மூடிவிடுகின்றன. உச்சிப் புலிக்கு 4 ஆடுகள் போதும். மூன்றையும் சேர்த்து எண்ணினாலும், இப்படி மேலே குவிந்து நிற்கும் 3 புலிகளை அடைக்க 10 ஆடுகளே தேவை. அதாவது 5 ஆடுகளைப் பறிகொடுத்த பிறகும் ஆட்டுக்காரரால் இந்த நிலையை முடிக்க முடியும்.

இப்போது புலிகளைப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று உச்சியில், ஒன்று முதல் வரியின் வலது வெளிமுனையில், ஒன்று மூன்றாம் வரியில் இடமிருந்து இரண்டாம் சாய்கோட்டின் மேல். உச்சிப் புலிக்கு 8 ஆடுகள். அவற்றில் சில மற்ற புலிகளையும் மறைக்கின்றன. ஆகவே மூன்றாம் வரிப் புலிக்குக் கூடுதலாக 5, வெளிமுனைப் புலிக்குக் கூடுதலாக 2. கூட்டினால் சரியாக 15. ஓர் ஆடு வெட்டுப்பட்டிருந்தாலும் இந்த அடைப்பு நடக்காது.

புலிகளின் எண்ணிக்கையும் தாண்டும் விதியும் இரு நிலைகளிலும் ஒன்றே. இடைவெளி மட்டும் மாறியது. வலிமையானவை அருகருகே நின்றால் இன்னும் வலிமை என்று தொடக்க ஆட்டக்காரர் நினைப்பார். இந்த ஆட்டத்தில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது.

ஆட்டுப் பக்கத்திலும் இதேபோல் ஒரு செய்தி உண்டு. கோடுகள் முடியும் இடத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்ட முடியாது. உச்சி, முதல் வரி மற்றும் மூன்றாம் வரியின் 4 வெளிமுனைகள், அடிவரியின் 2 மூலைகள் ஆகிய 7 புள்ளிகளில் ஆடு சாகவே சாகாது. முதல் ஆடுகளை அங்கே வைப்பது நல்ல தொடக்கம். ஆனால் அங்கேயே ஒதுங்கிவிட்டால் புலிகள் நடுக்கட்டத்தில் தாராளமாக உலவும். பிறகு நடுவில் இறங்கும் ஒவ்வோர் ஆடும் காவல் இல்லாமல் இறங்க வேண்டியிருக்கும்.

மேசைக் கதையாட்டத்தின் போர்வீரன்

திறன்களின் சேர்க்கை என்ற பேச்சு இன்று அதிகம் கேட்பது பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அவற்றில் முன்னோடி. அதில் போர்வீரன் என்னும் பாத்திர வகை தொடக்கம் முதல் உண்டு. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு போர்வீரனுக்கு ஏராளமான சிறப்புத் திறன்களை அளித்தது. எதை எதோடு சேர்த்தால் அடி பெருகும் என்று ஆட்டம் தொடங்குமுன் தாளில் கணக்குப் போடுவதே பலருக்குத் தனி விளையாட்டானது. 2014-ன் ஐந்தாம் பதிப்பில் 11-ஆம் நிலைப் போர்வீரன் ஒரு முறைக்கு 3 முறை தாக்கலாம்; கூடுதல் செயல் தரும் திறனையும் சேர்த்தால் 6. இது வெறும் கூட்டல். எதிரி எங்கே நிற்கிறான் என்பது இதில் பெரிதாகப் பொருட்படாது.

அதே பதிப்பில் வேறொரு சேர்க்கையும் உண்டு. நீண்ட கம்பாயுதம் ஏந்தியவன், தன் எட்டுக்குள் நுழையும் எதிரியை அந்தக் கணமே தாக்கலாம் என்பது ஒரு திறன். இத்தகைய தாக்குதல் பட்டவன் அந்த முறைக்கு மேற்கொண்டு நகர முடியாது என்பது மற்றொன்று. தனித்தனியே இரண்டும் சாதாரணமானவை. சேர்ந்தால் போர்வீரன் ஒரு வாசலையே அடைத்துவிடுகிறான். பின்னால் நிற்கும் தோழர்களிடம் எதிரி போய்ச்சேர முடிவதில்லை. ஆட்டுக்காரர் புளியங்கொட்டையால் செய்வதும் இதைத்தான். 2008-ன் நான்காம் பதிப்பு இந்த வழியில் இன்னும் தூரம் சென்று, போர்வீரன் குறிவைத்த எதிரி வேறொருவரைத் தாக்கினால் அவனுக்கு இழப்பு என்று வைத்தது. அது கதையாட்டம்போல் இல்லை, பலகை ஆட்டம்போல் இருக்கிறது என்று பலர் குறைகூறினர். அடியைப் பெருக்கும் சேர்க்கையைவிட நகர்வை மறிக்கும் சேர்க்கை ஆட்டத்தைச் சுவையாக்குகிறது என்பதற்கு அந்தப் பதிப்பே நல்ல சான்று. குறை என்று சொல்லப்பட்டது உண்மையில் அதன் நிறை.

ஒற்றுமை என்ற வாசிப்பு

மேச்சேரி இனச் செம்மறிகள் மேயும் மண் எடப்பாடி வட்டாரம். அருகே கொங்கணாபுரத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஆடு வளர்ப்பவர்களிடம், மந்தை நெருக்கமாக நிற்பதே காவல் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கட்டத்திலும் அப்படியே. மூன்றாம் வரியில் அருகருகே நிற்கும் இரண்டு ஆடுகள் பக்கவாட்டில் மட்டுமே ஒன்றுக்கொன்று காவல். அடிவரி காலியாக இருந்தால், மேலிருந்து வரும் புலி அவற்றில் ஒன்றை எளிதாக வெட்டும்.

அதோடு, தேர்ந்த ஆட்டுக்காரர் சில வேளைகளில் ஓர் ஆட்டை வேண்டுமென்றே கொடுக்கிறார். அதை வெட்டும் புலி அடிவரி மூலையில் போய் விழுகிறது. மூலைக்கு 2 வழிகளே; 4 ஆடுகளில் அடைத்துவிடலாம். ஒன்றைக் காவுகொடுத்துப் பெறும் இந்த வெற்றியை ஒற்றுமையின் வெற்றி என்று சொல்வது பொருந்தாது.

நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 4 புலிகள், 20 ஆடுகள், 25 புள்ளிகள். இருபுறமும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும் என்று லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகியோர் கணினி கொண்டு நிறுவினர். அந்த முடிவை 23 புள்ளிக் கட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. கோடுகள் வேறு, காய்களின் விகிதம் வேறு. தமிழகக் கட்டத்தைக் கணக்கிட விரும்பும் மாணவருக்கு முதல் தடை குறிப்புகளிலேயே இருக்கிறது. ஆட்டத்தை விவரிப்பவர்களில் சிலர் புலி 3, ஆடு 15 என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். புலிகள் மூன்றும் முதலிலேயே மேலே குவித்து வைக்கப்படுகின்றனவா, அல்லது ஆடுகளோடு மாறி மாறி விரும்பிய இடத்தில் இறக்கப்படுகின்றனவா என்பதை ஊர்வாரியாக எழுதுவதில்லை. 10 ஆடுகளுக்கும் 15 ஆடுகளுக்கும் உள்ள வேறுபாடு அந்த வழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.