இரைச்சல் அடங்கும் நொடி

ஆன்டெனாவின் நுனியைச் செயற்கைக்கோளை நோக்கி நீட்டக் கூடாது. மலிவான கையடக்க ரேடியோவில் விண்வெளிக் குரல் பிடிக்கும் கலையின் முதல் பாடம் இது. குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகக் கேட்கும். நுனியில் அதற்குக் காது கிடையாது. ஆகவே ரேடியோவைச் சாய்த்து, ஆன்டெனாவைக் குறுக்காகப் பிடித்து, மணிக்கட்டை மெல்லத் திருப்பித் திருப்பிக் குரல் தெளியும் கோணத்தைக் காதாலேயே கண்டுகொள்ள வேண்டும். வீணைக்காரர் பிருடையைத் திருகிச் சுருதி சேர்ப்பதற்கு நிகரான வேலை இது.

இந்தக் கலைக்கு வாய்த்த இடம் என்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் உள்ள கால்சாவைச் சொல்வேன். 10ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சியாளர்கள் எழுப்பிய ‘அல் காலிசா’தான் மருவிக் கால்சா ஆயிற்று. அதன் கடற்கரை ஃபோரோ இத்தாலிகோ. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் கற்களைக் கொட்டித் தூர்த்த நிலம் அது, இன்று புல்வெளி. தென்மேற்கே நகரமும் அதைச் சூழ்ந்த மலைகளும். வடக்கே சுமார் 600 மீட்டர் உயரப் பெல்லெக்ரினோ மலை. பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர்கள், இந்துக்களும் சேர்ந்தே, கிறித்தவப் புனிதை சாந்தா ரோசாலியாவின் குகைக்கோயிலை வணங்க ஏறிப் போகும் மலை அதுதான். வடகிழக்கில் மட்டும் வானம் கடல்வரை இறங்கித் திறந்து கிடக்கிறது.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதன் கொலம்பஸ் கூடத்தில் 2020 செப்டம்பரிலிருந்து ஒரு அமெச்சூர் ரிப்பீட்டர் இயங்கத் தொடங்கியது. 145.990 மெகாஹெர்ட்ஸில், 67 ஹெர்ட்ஸ் டோன் சேர்த்துப் பேசினால், 437.800-இல் திருப்பி ஒலிபரப்பும். கொலம்பஸின் உடற்கூடு இத்தாலியின் டூரினில் உருவானது. 2019-இல் அந்த நிலையத்துக்குத் தலைமை ஏற்ற முதல் இத்தாலியர் லூக்கா பர்மித்தானோ, சிசிலியின் பாத்தெர்னோ ஊர்க்காரர். கால்சாப் புல்வெளியில் நிற்பவருக்கு அந்த நிலையம் அத்தனை அந்நியமான இடம் அல்ல.

நிலையம் வானத்தைக் கடந்து போவதைப் ‘பாஸ்’ என்பார்கள்; தென்மேற்கிலிருந்து வரும் பாஸ்தான் இங்கே அழகு. தொடக்கம் மலைகளுக்குப் பின்னால் மறைந்து போகும். இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்க்வெல்ச்சை முழுக்கத் திறந்து வைத்தால் ரேடியோ மழைபோல் இரைந்துகொண்டே இருக்கும். திடீரென்று இரைச்சல் தணியும். யாரும் இன்னும் பேசவில்லை. ஆனால் அலை வந்துவிட்டது. எஃப்.எம். ரேடியோவில் வருகைக்கு அடையாளம் ஒலி அல்ல, இரைச்சலுக்குள் பிறக்கும் அமைதி. இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த நொடி இதுதான்.

அடுத்து விரலுக்கு வேலை. லெவல் கிராசிங்கில் ரயிலின் ஊதல் நம்மைக் கடந்ததும் தாழ்கிறதே, அந்த டாப்ளர் விளைவு இங்கேயும் உண்டு. நெருங்கி வரும்போது 437.810-இல் கேட்கும் குரல், விலகிப் போகும்போது 437.790-க்கு இறங்கிவிடும். அதனால் ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து சேனல்களை முன்பே சேமித்து வைப்பார்கள். குரல் கரகரத்தால் ஒரு சேனல் கீழே. பேசி அனுப்பும் அலைவரிசையை மாற்றத் தேவையில்லை. அங்கே விலகல் மூன்றில் ஒரு பங்குதான்.

ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் ஸ்பெயின் பக்கத்து உச்சரிப்பு ஓங்கும்; அது தேயத் தேயக் கிழக்கு ஐரோப்பியக் குரல்கள் எழும். நிலையம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் போன பிறகும் கடல் மட்டத்தை ஒட்டி மெல்லிய குரல் கேட்டுக்கொண்டிருக்கும். மறைக்க ஒரு கட்டடமும் இல்லாத கால்சாவின் கொடை அது.

ரிப்பீட்டருக்கு இருப்பது ஒரே சேனல். இருவர் சேர்ந்து பேசினால் வலுத்தவர் குரல் மட்டும் நிற்கும், மற்றவர் அழிந்துபோவார். எனவே அழைப்புக்குறி, இருப்பிடச் சதுரம், நன்றி, அவ்வளவுதான் பேச்சு. பலெர்மோவின் சதுரம் ‘ஜே எம் 68’. நான்கே குறிகளில் ஓர் ஊர். வலுவான ஆன்டெனா வைத்திருப்பவர், கையடக்க ரேடியோவின் மெலிந்த குரலுக்கு வழிவிட்டுக் காத்திருப்பதே இந்தச் சபையின் நாகரிகம்.

இந்த ரேடியோவுக்குக் குறைகளும் உண்டு. பாவோஃபெங் யு.வி.-5ஆர் போன்ற கருவி பேசும்போது கேட்காது. கேட்பதற்கு இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தாலும் சிக்கல். பேசும் கருவியிலிருந்து அதன் அலைவரிசையின் மும்மடங்கும் மெலிதாகக் கசியும்: 145.990-ஐ மூன்றால் பெருக்கினால் 437.970, கேட்கவேண்டிய அலைக்கு ஒட்டியே விழுகிறது. மலிவான ரிசீவர் அதில் செவிடாகும். தெரிந்தவர்கள் இதற்காகச் சலித்துக்கொள்வதில்லை. சுருக்கமாகப் பேசுகிறார்கள், நிறைய கேட்கிறார்கள்.

விலை உயர்ந்த தரை நிலையங்களில் மோட்டார் ஆன்டெனாவைத் திருப்பும், கணினி அலைவரிசையைத் திருத்தும். ஒரு நல்ல ஜோடிச் செருப்பின் விலையில் கிடைக்கும் ரேடியோவில் அந்த இரண்டையும் மணிக்கட்டும் காதும் செய்கின்றன. வானத்தில் ஒன்று நகர்கிறது என்பதை உடம்பே உணர்கிறது. ஆகவே இதை ஏழையின் மாற்றுவழி என்று நான் நினைக்கவில்லை. கலையின் மூல வடிவம் இதுவே.

தமிழ் வாசகருக்கு ஒரு சொல். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 ஏவிய இந்தோனேசியாவின் லாபான் ஏ-2 செயற்கைக்கோளிலும் எஃப்.எம். ரிப்பீட்டர் ஏறிச் சென்றது. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் அது பலெர்மோவின் வானத்தில் ஒருபோதும் உதிப்பதில்லை. சென்னையின் வானத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. விண்வெளி நிலையமோ இரண்டு ஊருக்கும் பொது. ஹாம் உரிமத் தேர்வை எழுதுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை பேசும் பித்தானைத் தொடாதீர்கள். உரிமம் பெற்ற நண்பர் ஒருவரோடு மொட்டை மாடியில் நின்று, இரைச்சல் அடங்கும் அந்த நொடியைக் கேட்டுப் பழகுங்கள்.