தேவசகாயம் கதையில் டிலனாயின் இடம்

2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்குப் பிறகு அவருடைய கதையை மறையுரையாக, சிறுநூலாக, யூடியூப் காணொளியாக, திருவிழா நாடகமாகப் பலமுறை கேட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் கட்டமைப்பு ஒன்றுதான்: மனமாற்றம், சித்திரவதை, அற்புதம், மரணம். சித்திரவதையையும் அற்புதத்தையும் விரிவாகச் சொல்கிறார்கள். அவரை விசுவாசத்துக்கு அழைத்துவந்த மனிதருக்கு இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதில்தான் எனக்குச் சிக்கல்.

முதலில் தகவல்கள். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர். டிலனாய், 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் சிறைப்பட்ட டச்சு கம்பெனிக்காரர். கைதியாக வந்தவர், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்தடுத்த இழப்புகளில் நீலகண்டன் மனமுடைந்திருந்தபோது டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது திருச்சபை மரபு. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. லாசர் என்பதன் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதமா வேறு குற்றச்சாட்டா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே சர்ச்சை இருக்கு. அதற்குள் இங்கே போகவில்லை. நான் பார்ப்பது கதை சொல்லப்படும் விதத்தை மட்டும்.

யோபுவை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். "யோபு எல்லாவற்றையும் இழந்தார், பொறுமையா இருந்தார், கடவுள் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார்." அவ்வளவுதான். ஆனால் யோபு நூலில் 42 அதிகாரங்கள். இழப்பு முதல் இரண்டில் முடிந்துவிடுகிறது, திரும்பக் கிடைப்பது கடைசி அதிகாரத்தில். நடுவில் இருப்பதில் பெரும்பகுதி வாக்குவாதம். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாக இருந்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. கடைசியில் கடவுள் கோபப்படுவதும் அந்த நண்பர்கள்மேல்தான். அதாவது, ஒருவரை எப்படித் தேற்றக்கூடாது என்பதும் அந்த நூலின் பொருள்.

இன்னொன்று. தேவசகாயத்துக்கு இரண்டு மடங்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லையே! திருமுழுக்குக்குப் பிறகு மிச்சமிருந்ததும் போனது: பதவி, சுற்றம், கடைசியில் உயிர். "நம்பினால் நல்லது நடக்கும்" என்ற சுருக்கத்தை அவருடைய வாழ்க்கையே மறுக்கிறது. அப்படிப்பட்டவரின் கதைக்குள் அந்தச் சுருக்கத்தைக் கொண்டுவந்து வைப்பது எனக்குப் பொருந்தவில்லை.

பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்து அதுவாக இருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. நாலாம் அதிகாரம் தூய வாழ்வுக்கான அழைப்பு. அந்த அதிகாரத்தின் முடிவிலும் ஐந்தாம் அதிகாரத்திலும், ஒருவரையொருவர் தேற்றச் சொல்கிறார். மூலத்தில் அந்த வினைச்சொல் பரகலேயோ. பக்கத்தில் அழைப்பது, தேற்றுவது, ஊக்குவது, அறிவுறுத்துவது எல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள் வரும். நாலாம் அதிகாரத்தைத் தொடங்கும்போது தான் செய்வதற்கும் பவுல் இதே சொல்லைத்தான் போடுகிறார். தூய்மையாக வாழச் சொல்வதும் தேற்றுவதும் அவருக்கு இரண்டு துறைகள் இல்லை. நம் மறையுரைகளில் முதலாவது புனிதர்களுக்கு, இரண்டாவது துக்க வீட்டுக்கு என்று பிரிந்துகிடக்கிறது.

2018-ல் போப் பிரான்சிஸ் புனிதத்துக்கான அழைப்பைப் பற்றி எழுதிய ஊக்க உரையில், இன்றைய உலகில் புனிதத்தின் அடையாளங்கள் என்று சிலவற்றைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று, சமூகமாக வாழ்வது. தனியாகப் புனிதராக முடியாது என்பதே அந்தப் பகுதியின் சாரம். தேவசகாயம் கதை அதற்கு நல்ல சான்று. நாம்தான் அவரைத் தனிமனித வீரராக ஆக்கி வைத்திருக்கிறோம்.

டிலனாய்க்கு வருவோம். 1752-க்குப் பிறகும் அவர் திருவிதாங்கூர் படையில்தான் இருந்தார். 1777-ல் இறக்கும்வரை, அதாவது இன்னும் 25 ஆண்டுகள். தான் விசுவாசத்துக்கு அழைத்துவந்த நண்பரைக் கொன்ற அரசுக்கே உழைத்தார். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்? கதை சொல்பவர்கள் இந்தக் கேள்வியின் பக்கமே போவதில்லை. அவரைக் குற்றம் சாட்ட நான் இதைக் கேட்கவில்லை. ஒருவரை விசுவாசத்தில் ஊக்குவது சாதாரண வேலை இல்லை என்பதற்காகக் கேட்கிறேன். நீங்கள் சொன்ன வார்த்தையை ஒருவர் முழுசா நம்பி, நீங்களே போகாத தூரம் போய்விடலாம். அதற்குப் பிறகு நீங்கள் வாழ்ந்தாக வேண்டும்.

அன்பியக் கூட்டங்களில் இது தெரிந்திருந்தால் பேச்சு மாறும். வேலை போனவரிடம் "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவது சுலபம். சரியாகாவிட்டால் அடுத்த வாரம் அவர் பக்கத்தில் யார் உட்காருவது? அதற்குத் தயாராக இல்லாதவர் யோபுவின் பெயரை எடுக்காமலிருப்பது நல்லது.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தில் தவித்த தேவசகாயம் முழங்கையால் இடிக்க, தண்ணீர் வந்ததாக நம்பிக்கை. நிறையப் பேர் போகிறார்கள், போகட்டும். அதே ஊரில்தான் உதயகிரிக் கோட்டையும் இருக்கு. உள்ளே டிலனாயின் கல்லறை. பாறைக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.