மிதிவண்டிப் பயணநூல்களில் தன்மையும் முன்னிலையும்

பயணநூலைத் திறனாய்வார் பெரும்பாலும் கடந்த தொலைவையும் கண்ட இடங்களையுமே எடுத்துரைப்பர். சொல்லுவோன் யார், யாரை நோக்கிச் சொல்லுகின்றான் என்னும் வினாவை அவர் எழுப்புவதில்லை. சீனத்துச் சிற்றூர்களினூடே தனித்து மிதிவண்டி செலுத்திய இருவர் நூல்களைக் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம். ஒன்று, மிதிவண்டியில் முதன்முதல் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் எழுதியது. அதன் சீனப் பகுதி 1888இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் உள்ளது. மற்றொன்று, தைவான் எழுத்தாளர் சியே வாங்லின் 2008இல் வெளியிட்ட ‘ஜுவான் ஷான்’. மலையை வலம்வருதல் என்பது அதன் பொருள்.

ஸ்டீவன்ஸ் 1886இல் காண்டன் நகரினின்று வடக்கு நோக்கிச் சென்றார். வயல்களினூடே செல்லும் ஒடுங்கிய கல்பாதைகளில் அவருடைய உயர்சக்கர வண்டி பலவிடத்தும் ஊர்தியாகாது சுமையாயிற்று. பிரெஞ்சுப் போர் 1885இல்தான் முடிந்திருந்தமையின், அயலார்மேல் மக்கள் கொண்ட சினம் ஆறவில்லை. ஜீஆன் நகரில் கூட்டம் அவரைத் தாக்கிற்று; அரசு அலுவலர் அடைக்கலம் தந்து, ஆற்றுவழியே படகில் அனுப்பினர். இப்பகுதியில் ‘நான்’ என்னும் தன்மையொருமையே ஓங்கி ஒலிக்கின்றது. எதிர்ப்பட்ட மக்கள் பெயரும் முகமும் அற்ற படர்க்கைப் பன்மையாய் நிற்கின்றனர். தாக்கியோரும் காத்தோரும் அந்நாட்டு மக்களே என்பது நிகழ்ச்சியால் புலனாகின்றது. ஆசிரியர் அதன்கண் நின்று சிந்தித்திலர்.

சியே 2004இல், கிளௌட் கேட் நடனக் குழுவினர் இளைஞர் பயணத்திற்கென அளித்த நல்கையுடன், யுன்னான் மாநிலத்து லிஜியாங்கிலிருந்து லாசாவை நோக்கிப் புறப்பட்டார். அவ்வழியிலுள்ள தோங்தா கணவாய் ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரமுடையது. அவர் நூல் பயணியை ‘நீ’ என்றே விளிக்கின்றது. நம் ஆற்றுப்படை நூல்களிலும் வறியோன் ஒருவன் முன்னிலையில் விளிக்கப்பெறுகின்றான். ஆயின் ஆங்குப் பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுகின்றான். இங்கோ விளிப்போனும் விளிக்கப்படுவோனும் ஒருவனே. ஆதலின் ‘நீ’ என்பது ஆற்றுப்படுத்தும் சொல்லாகாது, வினவும் சொல்லாகின்றது. அஞ்சியவன் நீயன்றோ, திரும்பிவிட எண்ணியவன் நீயன்றோ எனக் கேட்கின்றது.

குறைந்த பொருளுடன் செல்லும் பயணத்தில் அறச்சிக்கல் ஒன்று உண்டு. பயணியின் வறுமை அவன் விரும்பி ஏற்றது. அவனுக்கு உணவும் இடமும் தரும் சிற்றூரார் வறுமை அத்தகையதன்று. ‘நான்’ எனத் தொடங்கும் கூற்று, பெற்ற உதவியைத் தன் துணிவின் வரலாற்றுள் எளிதிற் கரைத்துவிடும். ‘நீ’ என்னும் விளியோ, பெற்றவனைக் கடன்பட்டோனாக நிறுத்தவல்லது. இம்முன்னிலை தன்னிரக்கமாகச் சுருங்கும் என்று கூறுவாரும் உளராகலாம். அவ்விடர் இருப்பது உண்மையே. தன்னையே நோக்கும் கண் பிறரைக் காணாதொழிதல் கூடும். ஆயினும் தன்னைப் புகழ்வதினும் தன்னை வினவுதல் பிறரைக் காண்பதற்கு அணித்தான நிலை என்பது நம் கருத்து.

2011இல் வந்த திரைப்படம் இதனை மறுதலையால் தெளிவிக்கின்றது. அதில் பயணி, இறந்துபட்ட தமையனின் விருப்பத்தை நிறைவேற்றப் புறப்படுகின்றான். காரணம் முன்னரே தரப்பட்டமையின், ‘ஏன் வந்தாய்?’ என்னும் வினாவின் கூர்மை குறைகின்றது. நூலின் வலிமையோ அவ்வினாவை இறுதிவரை விடாது நிறுத்தியதன்கண் உள்ளது. ஆகவே பயணநூல்களை ஆராயப் புகும் மாணவர், தொலைவை அளக்குமுன் இடத்தை ஆராய்தல் வேண்டும். அஃதாவது தன்மை, முன்னிலை, படர்க்கை என நம் இலக்கணம் வகுத்த இடத்தை.