வாசகர் என்கிறோமே, அவர் யார்? திரைவாசிப்பானும் நமது பிரதிகளும்

தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் அதிகம் தேய்ந்துபோன சொல் எது என்று கேட்டால் 'வாசகர்' என்றுதான் சொல்வேன். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று அறிவித்தோம். அர்த்தத்தை வாசகரே உற்பத்தி செய்கிறார் என்றோம். அந்த வாசகர் எந்தச் சாதி, எந்தப் பால், எந்த வர்க்கம் என்ற கேள்விகளைத் தலித் விமர்சனமும் பெண்ணிய விமர்சனமும் எழுப்பி, வாசகர் என்னும் அந்தப் பொதுமையை உடைத்துப் போட்டன. எல்லாம் நியாயமே. எனினும் அந்த வாசகருக்குக் கண் தெரியுமா என்ற கேள்வி நமது விவாதங்களில் ஒருமுறைகூட எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கண் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். நமது விமர்சனச் சொற்களையே பாருங்கள்: பார்வை, நோக்கு, கண்ணோட்டம், தரிசனம், மறுபார்வை. எதிரணியைத் திட்டவேண்டி வந்தால் குருட்டு நம்பிக்கை, குருட்டுத்தனமான பின்பற்றல். ('பாருங்கள்' என்று நானே இப்போதுதான் எழுதினேன்.) சாதியையும் பாலையும் குறித்த வசைச்சொற்களை நமது பக்கங்களிலிருந்து விரட்டியவர்கள் இந்தச் சொல்லிடம் மட்டும் சமரசமாக இருந்திருக்கிறோம்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எம்.ஏ. வகுப்பில் என்னோடு படித்த நண்பன் ஒருவன். சிறுவயதிலேயே பார்வை இழந்தவன், இப்போது தமிழாசிரியன். எனது கட்டுரை வெளிவந்த இதழின் பி.டி.எஃப். கோப்பைச் சென்ற ஆண்டு அவனுக்கு அனுப்பியிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"டேய், நீ எழுதுறது புரியலன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்கல்ல? எனக்கு நெஜமாவே புரியலடா. நீயே கேளு."

போனைக் கணினியின் பக்கத்தில் வைத்தான். எம், கே, கே, எச். ஜே, கே, பி, ஓ. ஆங்கிலக் குரல் ஒன்று கடகடவென்று எழுத்துகளைக் கொட்டிக்கொண்டே போனது. இதழை அச்சுக்குக் கோத்தவர் பாமினி எழுத்துருவில் கோத்திருக்கிறார். பாமினியில் 'அம்மா' என்பது கணினிக்குள் தமிழாக இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே இருக்கிறது. அந்தக் குறிகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கண் அந்தப் போர்வையைப் பார்த்து 'அம்மா' என்று வாசித்துவிடும். திரைவாசிப்பானுக்குப் போர்வை கிடையாது. உள்ளே இருப்பதைத்தான் அது சொல்லும்.

திரைவாசிப்பான் என்பது திரையில் உள்ள எழுத்தையும், பொத்தான், பட்டி, சாளரம் ஆகியவற்றின் பெயர்களையும் பேச்சாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் மென்பொருள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. கொஞ்சம் அரசியலும் உண்டு. 1980களின் கணினித்திரை 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்ட கட்டம். அதில் இருந்ததெல்லாம் எழுத்து மட்டுமே. அதைப் பேச வைப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சரும் மற்றவர்களும் உருவாக்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். அதன் பெயரே பிறகு இந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயர் ஆயிற்று. பின்னர் படமும் சுட்டியும் கொண்ட வரைகலைத் திரை வந்தது. எளிய மக்களுக்குக் கணினியைத் திறந்துவிட்ட புரட்சி என்று இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். எழுத்தாக இருந்த திரை புள்ளிகளாலான படமாக மாறியபோது, அதுவரை கணினியில் வேலைசெய்துவந்த பார்வையற்றோருக்கு அதே புரட்சி கதவை அடைத்தது. விடுதலைக் கதையாடல் ஒவ்வொன்றும் யாரைக் கணக்கில் சேர்க்காமல் எழுதப்படுகிறது என்று நாம் கேட்போமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

அடைத்த கதவைத் திரும்பத் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. திறந்தவர்கள் விலையும் வைத்தார்கள். 1995இல் விண்டோசுக்கு வந்த ஜாஸ் மென்பொருள் திறமையானது. ஆனால் அதன் விலையில் ஒரு கணினியே வாங்கலாம். 2000இல் விண்டோஸ் தன்னுடனேயே 'நேரேட்டர்' என்ற ஒன்றைக் கொடுத்தது. இது குறைந்தபட்ச வசதிதான், அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறு திரைவாசிப்பான் தேவைப்படும் என்று அதைத் திறந்தவுடனே அதுவே அறிவித்துக்கொண்டது! வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறோம், ஆனால் பாதிவரைதான் போகும் என்று பலகை வைப்பதைப் போல. 2005இல் ஆப்பிள் கணினியோடு 'வாய்ஸ்ஓவர்' இலவசமாக வந்தது. 2009இல் அது ஐபோனுக்குள்ளும் நுழைந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் என்.வி.டி.ஏ. என்ற இலவச, திறந்தமூல மென்பொருளை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். தங்களுக்கான கருவியைத் தாங்களே செய்துகொள்வது, கருணையாக வருவதைக் காத்திருந்து பெறுவது ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இயக்கங்களில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேரேட்டரும் இன்று பழைய நேரேட்டர் இல்லை. போட்டி அதையும் வளர்த்துவிட்டது.

நண்பனின் போனுக்குப் பிறகு நானும் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி நேரேட்டரை ஓடவிட்டு, திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். யூனிகோடில் இருந்த ஒரு தமிழ்க் கட்டுரையைக் கொடுத்தால் மௌனம். நடுவில் ஒரு ஆண்டு எண் வந்தபோது மட்டும் ஆங்கிலத்தில் அதைச் சொல்லிவிட்டு மறுபடி மௌனம். கணினியோடே வருவது என்கிறோமே, அந்தக் கூடவே வருகிற குரல் ஆங்கிலக் குரல்தான். தமிழ்க் குரலைத் தனியே தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் தரும் தமிழ்க் குரலுக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? வள்ளுவர். பெயர் வைப்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

வள்ளுவர் வாசிக்கையில் இன்னொன்று தெரியவந்தது. தமிழ் எழுத்தின் உள்ளேயே கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. 'கெ' என்பதை எழுதும்போது கொம்பு முன்னால், ககரம் பின்னால். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்தை அப்படித்தான் அடுக்கினார். தட்டச்சுப்பொறியும் அப்படியே, பாமினியும் அதே வழி. யூனிகோடு மட்டும் ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னாலும் சேமிக்கிறது. காதில் விழும் வரிசை அது. அதாவது யூனிகோடுக்குள் இருக்கும் தமிழ், ஒலியின் வரிசையில் நிற்கும் தமிழ். பக்க வடிவமைப்பிலிருந்து பி.டி.எஃப். ஆகும்போது பல சமயம் இந்த வரிசை மறுபடி கண்ணின் வரிசைக்குக் குலைந்துவிடுகிறது. அப்போது 'கை' என்ற சின்னச் சொல்கூட இயந்திரத்துக்குப் பொருளற்ற துண்டாகிவிடும். பக்கமோ பார்வைக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

இங்கே தெரிதாவைக் கொஞ்சம் கூப்பிட வேண்டியிருக்கிறது. மேலைத் தத்துவம் பேச்சை இருப்பாகவும் எழுத்தை அதன் நிழலாகவும் வைத்தது என்று அவர் சொன்னதை நாம் 'ஒலிமையவாதம்' என்று மொழிபெயர்த்து, தமிழுக்கும் அப்படியே பொருத்தினோம். தொல்காப்பியத்தில் எழுத்து என்பது ஒலியையும் வரிவடிவத்தையும் சேர்த்தே குறிக்கும் சொல் என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். திரைவாசிப்பானின் குரல் எதனுடைய இருப்பு? அதன் பின்னால் உடல் இல்லை, பேசுபவர் இல்லை. அது ஒலிக்கும் எழுத்து. நண்பன் அதை ஒரு பேச்சாகக் கேட்பதில்லை. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறான், ஒரு வாக்கியத்துக்குத் திரும்பிப் போகிறான், சந்தேகம் வந்தால் சொல்லை நிறுத்தி எழுத்தெழுத்தாகச் சொல்லவைக்கிறான். நாம் விரலை வரியில் வைத்துச் செய்வதுதான் அது. காதால் நடக்கிறது என்பதாலேயே அது வாசிப்பு இல்லாமல் போய்விடுமா?

இன்னும் முக்கியமான இடம் இது. கல்லூரி விடுதியில் அவனுக்குப் பாடம் வாசித்துக் காட்டத் தன்னார்வலர்கள் வருவார்கள். நல்லவர்கள்தான். ஒருமுறை நாவல் ஒன்றை ஒருவர் வாசித்து முடித்தார். சில ஆண்டுகள் கழித்து அதே நாவலைத் திரைவாசிப்பானில் தானே வாசித்தபோதுதான் நண்பனுக்குத் தெரிந்தது, நடுவில் எட்டுப் பத்துப் பக்கங்கள் அவன் காதுக்கு வரவேயில்லை என்பது. உடலுறவு பற்றிய பக்கங்கள். சாதியைச் சொல்லித் திட்டும் ஒரு உரையாடலும் அதில் போயிருந்தது.

"அவருக்குக் கூச்சம். எனக்கு முன்னாடி அதை வாய்விட்டுப் படிக்க முடியல போல. தப்பு சொல்லல. ஆனா நான் அந்த நாவலைப் பத்திப் பரீட்சையில எழுதியிருக்கேன்டா."

மெஷினுக்கு வெட்கம் கிடையாது. ஆகவே அது தணிக்கை செய்யாது. நள்ளிரவில் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், யாருக்கும் நன்றி சொல்லாமல் ஒரு புத்தகத்தை வாசிப்பது என்பது நமக்கெல்லாம் பதினான்கு வயதில் போர்வைக்குள் கிடைத்த சுதந்திரம். அவனுக்கு அது முப்பதில் கிடைத்தது. மனிதக் குரலின் வெம்மை பற்றிக் கவித்துவமாக எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வாசித்துக் காட்டுபவரின் குரலில்தான் இருப்பு முழுமையாக இருக்கிறது. அதிகாரமும் அங்கேதான் இருக்கிறது.

இதே மயக்கத்தில்தான் நாம் 'இனிமையான, மனிதரைப் போன்ற' குரல் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். தமிழையும் பேசும் ஈஸ்பீக் என்ற இலவசக் குரல் இருக்கிறது. தகரத்தைத் தட்டுவது போல் இருக்கும். நண்பன் அதைத்தான் வைத்திருக்கிறான். வள்ளுவரை அதிகம் கூப்பிடுவதில்லை. காரணம் வேகம். எனக்குக் காற்று போன பலூன் மாதிரிக் கேட்கும் வேகத்தில் அவன் சர்வசாதாரணமாக வாசித்துக்கொண்டு போகிறான். அந்த வேகத்தில் இனிமைக்கு இடமில்லை, தெளிவுதான் வேண்டும். இனிமை யாருடைய தேவை என்று கேட்டுப்பார்த்தால் பதில் சங்கடமானதாக இருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. தமிழில் ஒரே ககரம் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறாக ஒலிக்கும். சொந்தச் சொல்லில் இடத்தை வைத்து ஊகித்துவிடலாம். 'காந்தி' என்று எழுதினால் முதல் எழுத்து எப்படி ஒலிக்கும் என்பதற்கு விதி இல்லை, பழக்கம்தான் உண்டு. இயந்திரம் அங்கே தடுமாறும். வட்டார வழக்கில் எழுதிய உரையாடல்களை அது நிறுத்தி நிதானித்து உச்சரிக்கும்போது கரிசல்காட்டுக் கிழவர் செய்தி அறிக்கை வாசிப்பது போலிருக்கும். எழுத்தெழுத்தாகக் கேட்டாலும் ந, ன, ண மூன்றும் காதில் ஏறக்குறைய ஒன்றே. இதற்குத் திண்ணைப்பள்ளி வழிவந்த தீர்வு நம்மிடமே உண்டு: தந்நகரம், றன்னகரம், டண்ணகரம். பக்கத்தில் வரும் எழுத்தைச் சேர்த்துச் சொல்லும் இந்தப் பெயர்கள் காதுக்கென்றே பிறந்தவை. அந்தகக்கவி வீரராகவ முதலியார் முதுகில் எழுதிக்காட்டச் சொல்லி எழுத்துக் கற்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் உலாவும் பிள்ளைத்தமிழும் பாடிய அவரைப் பாடத்தில் அதிசயப் பிறவியாக வைத்துவிட்டு நகர்ந்தோம். அவர் எப்படி வாசித்தார் என்பது நமக்கு ஆய்வுப்பொருள் ஆகவில்லை.

இப்போது நமது வீட்டுக் கணக்குக்கு வருவோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்கப் பாடல்களையும் காப்பியங்களையும் தட்டச்சு செய்து எழுத்தாகவே சேர்த்துவைத்தது. பின்னர் யூனிகோடுக்கும் மாற்றியது. ஆகவே நண்பனால் குறுந்தொகையை இன்று தனியே வாசிக்க முடியும் (சீர் பிரித்த இடங்களில் சொல் துண்டாகும், அது வேறு தலைவலி). ஆனால் 1990களில் நாம் அதிகாரத்தைக் கட்டுடைத்த சிறுபத்திரிகைகளை அவனால் வாசிக்க முடியாது. அவற்றில் இணையத்துக்கு வந்தவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். படத்தைத் திரைவாசிப்பான் 'படம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தலைவி அவனோடு பேசுகிறாள். விளிம்புநிலைக்காகக் குரல் கொடுத்த நாம் அவனிடம் ஊமையாக நிற்கிறோம்.

சட்டத்தைக் குறைசொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பார்வையற்றோர் வாசிக்கும் வடிவத்துக்கு நூல்களை மாற்ற 2012இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அனுமதிக்கிறது. இதே நோக்கில் 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அரசு அலுவலகங்கள் இன்னும் ஆணைகளைப் படமெடுத்துப் போடுகின்றன என்று நாம் கண்டனக் கூட்டம் நடத்தலாம், நடத்தத்தான் வேண்டும். அந்தக் கூட்டத்தின் துண்டறிக்கையை வாட்ஸ்அப்பில் எந்த வடிவில் அனுப்புவோம்? படமாகத்தானே!

செய்யவேண்டியது பெரிய காரியமும் அல்ல. அச்சுக்குப் போகும் முன் கட்டுரை யூனிகோடில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த மூலக்கோப்பைத் தூக்கியெறியாமல் இதழோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். பழைய இதழ்களுக்கு எழுத்துணரி மென்பொருளும், பிழை பார்க்கச் சில கைகளும் வேண்டும். பிழை பார்க்கும் அந்தக் கைகளைப் பற்றி ஆசிரியர் குழுவிடம் பேசினேன். யோசிப்போம் என்றார்கள்.

இந்தக் கட்டுரையை முதலில் நண்பனுக்குத்தான் அனுப்பினேன், யூனிகோடில். மறுநாள் போன்.

"எல்லாம் சரிதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏண்டா மேற்கோள் குறி போடுற? நான் குறியெல்லாம் சொல்ற மாதிரி வெச்சிருக்கேன். 'அதிகாரம்'னு நீ எழுதினா அது மேற்கோள், அதிகாரம், மேற்கோள்ங்குது. கடுப்பாகுது."

பாதிக்கு மேல் எடுத்துவிட்டேன்.