நிரந்தர வேளாண்மையும் நிரந்தரமற்ற நிலமும்

பெர்மாகல்ச்சர் என்னும் சொல்லை உலகறியச் செய்தவர்கள் அவுஸ்திரேலியரான பில் மொலிசனும் டேவிட் ஹொம்கிறனும் ஆவர். இருவரும் கூட்டாக எழுதிய முதல் நூல் 1978இல் வெளிவந்தது. பத்தாண்டுகளின் பின், 1988இல், மொலிசன் எழுதி வெளியிட்ட வடிவமைப்புக் கைந்நூலே அத்துறை கற்போருக்கு இன்றும் மூலநூலாக விளங்குகின்றது. உலகெங்கும் நடைபெறும் 72 மணிநேரப் பயிற்சிநெறியும் அதனைத் தழுவியதே. ‘நிரந்தர வேளாண்மை’ எனத் தமிழில் வழங்கத்தக்க இக்கொள்கையை அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு லயத்து வாசலில் வைத்து வாசிக்கும்போது, அந்நூல் பேசாது விட்ட ஒன்று பெரிதாகத் தோன்றுகின்றது.

நூலின் சிறப்பை முதலிற் கூறுதல் முறையாகும். பயிர், விலங்கு, நீர், மனிதன் ஆகியவற்றைத் தனித்தனியே நோக்காது, ஒன்றுக்கொன்று உள்ள உறவையே வடிவமைப்பின் பொருளாகக் கொண்டமை மொலிசனின் சாதனை. கோழி முட்டையிடுவது மட்டுமன்றி நிலத்தைக் கிளறும், பூச்சியைத் தின்னும், எருவும் தரும் என்று அவர் விரிக்கும் உதாரணம் பிரசித்தமானது. நிலத்தை உழுமுன் நெடுங்காலம் உற்றுநோக்குக என்பதும் அவர் வற்புறுத்திய பாடமே.

ஆயின் அந்நூலின் வலயக் கோட்பாடு நுணுகி ஆராயத்தக்கது. வீடு சுழியம், நாள்தோறும் கால் படும் கீரைப்பாத்தி முதலாம் வலயம், பழமரமும் கோழியும் இரண்டாம் வலயம், பெரும்பயிர் மூன்றாவது, விறகும் மேய்ச்சலும் நான்காவது, மனிதன் கைவையாத காடு ஐந்தாவது. இவ்வொழுங்கு, வீட்டில் இருப்பவனே அதனைச் சூழ்ந்த நிலத்தின் கதியையும் தீர்மானிப்பவன் என்ற எடுகோளின் மீது நிற்கின்றது. லயத்துக் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. முன்னே பொதுவாசல், அதன் ஓரத்தில் ஒரு கான், அதற்கப்பால் தேயிலை. இரண்டாம் வலயம் தொடங்கவேண்டிய இடத்தில் கம்பனியின் மலை தொடங்கிவிடுகின்றது. தோட்ட நிர்வாகம் கண்டும் காணாமலும் விட்ட துண்டுகளிலேதான் போஞ்சியும் லீக்ஸும் கரட்டும் முளைக்கின்றன. அவை யாவும் சில மாதங்களிற் பிடுங்கி முடிக்கத்தக்கவை என்பது நோக்கற்பாலது.

மரம் நடாமையைத் தொழிலாளரின் அறியாமை என்று கொள்வாரும் உளர். வரலாறு வேறு விடை தருகின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைமன்னாரில் என்று கப்பலேற நேருமோ என்று அறியாத குடும்பம், பல ஆண்டு கழித்துக் காய்க்கும் பேரிக்கன்றையோ ஆனைக்கொய்யாவையோ எவ்வாறு நடும்? அதே காலத்தில், 1973–74இல், உணவுப் பங்கீடு சுருங்கியபோது தோட்டப்புறங்களில் இறப்புவீதம் கடுமையாக உயர்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பசுமையாய் விளைந்த மலையில் உண்ணத்தக்கது விளையவில்லை.

இதே மலைநாட்டில் சற்றுத் தாழ்ந்த சரிவுகளிலுள்ள கண்டிய வீட்டுத்தோட்டத்தை இங்கே ஒப்புநோக்குதல் பொருந்தும். பலா, கித்துள், கமுகு ஆகியவை மேலடுக்கு. மிளகுக்கொடி அவற்றைப் பற்றிப் படரும். கீழே கோப்பியும் வாழையும். அவற்றின் நிழலில் இஞ்சியும் மஞ்சளும். மொலிசன் வரைபடமாக வேண்டிநின்றது அங்கே அவருக்கு நெடுங்காலம் முன்பே நிலத்தில் இருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மேட்டுநிலங்களைப் பறித்த பின்னரும் வீட்டுத்தோட்டம் கிராமத்தவரிடம் எஞ்சிற்று. பாட்டன் நட்ட பலாவைப் பேரன் வெட்டும் வழியுரிமையே அத்தோட்டத்தின் அடிப்படை எனலாம்.

அறிவு எவரிடம் உளது என்பதும் இவ்விடத்து எழும் வினாவாகும். சமவுயரக் கோட்டில் அகழி வெட்டி நீரை நிலத்திலேயே தேக்குதல் பெர்மாகல்ச்சர் பயிற்சியின் விருப்பமான பாடம். தேயிலை மலையிலோ கான் சிறு சாய்வுடன் வெட்டப்படும். இடையிடையே உள்ள குழிகள் மண்ணைப் பிடித்துக்கொள்ள, நீர் வடிந்தோடும். தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கிற் கொட்டும் அட்டன் சரிவில் நீரைத் தேக்குவது மலையையே கீழே இழுக்கக்கூடும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டமை மறக்கற்பாலதன்று. கான் வெட்டிப் பழகிய கைக்கும், தை மாசி உறைபனியில் எந்த மலைமுகத்துக் கொழுந்து கருகும் என்பதறிந்த கண்ணுக்கும் இத்துறையிற் புகட்டவேண்டியது குறைவு. அவற்றிடம் கேட்டறிய வேண்டியதே மிகுதி. பயிற்சிநெறி அமைப்போர் பெரும்பாலும் கேட்பதில்லை.

மலை திருந்தும் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. ஊவாவில் மீரஹவத்தைக்கு அண்மையிலுள்ள பெலிபொலையில், சீர்கெட்ட பழைய தேயிலை நிலத்தை இயற்கைக் காட்டை ஒத்த மரத்தோப்பாக ரணில் சேனாநாயக்க மாற்றிக்காட்டினார். அதற்குப் பல ஆண்டுகள் சென்றன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்திய அரசாங்கம் அந்த ஆண்டுகளைக் கணக்கிலெடுக்கவில்லை. நவம்பரில் தடை நீங்கிற்று. ஆயினும் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. சேதனப் பயிர்ச்செய்கைக்கே அதனால் அவப்பெயர் நேர்ந்தது. இழப்பிற் பெரும்பங்கு கொழுந்து பறிப்போரின் கூடையில் விழுந்தது.

அண்மைக்காலத்துத் தனிவீட்டுத் திட்டங்கள் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கின. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியுடன் எழுந்த வீடு 550 சதுர அடி கொள்ளும். படிக்கட்டும் கானும் வெட்டிய மண்மேடும் கழிய எஞ்சும் துண்டில் மொலிசனின் முதலாம் வலயம் அடங்கும். வேலியோரம் சௌசௌக் கொடியும், மூலையில் கோழிக்கூடும், பீலித்தண்ணீர் வழியும் இடத்தில் வல்லாரைப் பாத்தியும் அமையலாம். மாட்டுக்குப் புல்லும் அடுப்புக்கு விறகும் நான்காம் வலயத்துக்குரியன. அந்நான்காம் வலயமோ, கைவிடப்பட்டுக் காடேறிக் கிடக்கும் இடங்களிற்கூட, நீண்டகாலக் குத்தகையிற் கம்பனியின் கையில் உளது. மரம் நடுவதற்குப் போதிய ஆண்டுகள் குத்தகைக்காரனுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டுள்ளன. அவ்வாண்டுகளை லயத்தில் வாழ்வோரின் பெயருக்கு எழுதும் பத்திரம் இன்னும் வரையப்படவில்லை.