கடைசி ஆள் வரும்வரை

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் விழிஞ்ஞம் கடற்கரையின் மீன்பிடி வள்ளங்கள் லாரி ஏறி உள்நாட்டுக்குப் போயின. அலையில் ஓடிப் பழகியவை செங்ஙன்னூர்ப் பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன. கேரளக் கடற்கரை முழுவதிலிருந்தும் அப்படிப் போனவை 600-க்கு மேல். வள்ளம் ஒன்றுக்கு நாளைக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று மீனவர்கள் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அந்தக் காரியத்துக்கு யாரும் ‘சாலஞ்ச்’ என்று பெயர் வைக்கவில்லை.

அந்தப் பெயர் வந்தது அதன்பிறகு. அதே வெள்ள நிவாரணத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுங்கள் என்ற ‘சாலரி சாலஞ்ச்’ அரசு ஊழியர்களிடம் வந்தது. கொடுக்க விரும்பாதவர்கள் அதை எழுதித் தர வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. உயர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்க மறுத்துவிட்டது. கொடுக்காதவன் பெயர் பட்டியலில் ஏறும் என்றால் அது ஈகையாகாது, வசூல். ஆனால் இதே சொல்தான் 2024 வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு பிரியாணிப் பொட்டலம் விற்றும் பழைய இரும்பு பொறுக்கியும் வீடு கட்டப் பணம் சேர்த்த இளைஞர்களுக்கும் பயன்பட்டது. சொல்லில் குற்றமில்லை. உள்ளே வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் கதவு எப்படித் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

மலையேறி நிதி திரட்டும் வழக்கத்தையும் அந்தக் கதவருகே நின்றுதான் பார்க்கிறேன். ‘நான் இத்தனை கிலோமீட்டர் ஏறுகிறேன், நீங்கள் இன்ன காரியத்துக்குப் பணம் தாருங்கள்’ என்பதே இதன் அடிப்படை. உலகில் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் டிரெயில்வாக்கர். 1981-இல் ஹாங்காங்கில் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கியது. 1986-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு ஆக்ஸ்ஃபாமின் நிதி திரட்டலாக மாறியது. மேக்லஹோஸ் மலைப்பாதையில் 100 கிலோமீட்டர், 48 மணி நேரம், நான்கு பேர் கொண்ட அணி. இந்தியாவுக்கு 2012-இல் பெங்களூர் வழியாக வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விதி அந்த நான்கு பேர்தான். நால்வரும் சேர்ந்து முடிக்க வேண்டும் என்பது இலக்கு. ஆகவே அணியின் வேகம், இருப்பவர்களில் மெதுவாக நடப்பவரின் வேகம். முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருந்தால் மற்ற மூவரும் அவருக்காக நின்று, அவர் பையைச் சுமந்து, இரவு இரண்டு மணிக்கு அவரிடம் எதையாவது பேசிக்கொண்டே நடக்க வேண்டும். வேகமானவனுக்குப் பொறுமை பழக்குகிற விளையாட்டு எனக்குத் தெரிந்து அதிகமில்லை. அதே சமயம், 48 மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் என்பது எல்லோருக்குமானது அல்ல. படைவீரர் பயிற்சியின் எலும்புக்கூடு அதில் இன்னும் தெரிகிறது.

அப்படியென்றால் எளிதாக்கிவிடலாமே, ஒரு கடற்கரை விருந்து வைத்துப் பணம் கேட்கலாமே? கிறிஸ்டஃபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தடையாக நிற்கிறது. சும்மா உண்டு களிக்கும் நிகழ்ச்சியைவிட, ஓட்டம்போல உடல் வருந்தும் நிகழ்ச்சிக்கு மனிதர்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள். அதுவும் பட்டினி, நோய் போன்ற மனிதத் துயருக்கு என்றால்தான். பூங்கா அமைப்பது போன்ற இன்பமான காரியத்துக்கு வலி அவ்வளவு பொருந்துவதில்லை. பழனிக்குக் காவடி தூக்கி நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் அதிசயமில்லை. வருத்திக்கொள்ளாமல் கேட்டால் வரம் எடைகுறைந்து போகும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய கணக்கு. வேறுபாடு ஒன்று உண்டு: நேர்த்திக்கடனில் நடப்பவர்தான் கொடுக்கிறவரும். மலைச் சவாலில் நடப்பவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர்.

வழக்கத்தின் பலமும் நோயும் இங்கே ஒரே வேரில் நிற்கின்றன. வலி பணத்தைக் கொண்டுவருகிறது என்றால், வலியைக் காட்டத் தெரிந்தவரிடம்தான் பணம் போகும். நல்ல காலணி, நல்ல புகைப்படம், சம்பளம் வாங்கும் நூறு நண்பர்கள் உள்ளவர் 10 கிலோமீட்டர் ஏறி ஒரு லட்சம் திரட்டுவார். ஊன்றுகோலுடன் ஒரு கிலோமீட்டர் ஏறுகிற பெண்ணுக்கு அவரைவிட நான்கு மடங்கு மூச்சு வாங்கியிருக்கும். அந்தப் பெண்ணின் கைப்பேசியில் இருக்கும் நூறு பேரும் அவரைப் போலவே கஷ்டப்படுகிறவர்களாக இருந்தால், திரள்வது ஆயிரம் ரூபாய்.

இத்தகைய நிகழ்ச்சிகளில் ‘எல்லாத் திறனாளர்களுக்கும்’ என்ற அறிவிப்பு பெரும்பாலும் எப்படி நிறைவேறுகிறது? 2004 முதல் நடக்கும் மும்பை மாரத்தானில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. தூரம் மிகக் குறைவு. பெரிய மாரத்தான் ஒன்று அவர்களைத் தெருவுக்கு அழைத்துவந்ததே பெரிது. ஆனால் தனிப் பந்திக்கும் சமபந்திக்கும் உள்ள வித்தியாசத்தை நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டெர்ரி ஃபாக்ஸ் பெயரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்துவந்த ஓட்டத்தின் வழி வேறு. புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்தக் கனடா இளைஞர் 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டங்களில் போட்டி இல்லை. ஓடலாம், நடக்கலாம், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரலாம். சமதளத்தில் இது சுலபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை ஒரு மேட்டு ஓட்டத்தில், பெயர் எதற்கு, நான் கடைசிக்கு முந்தியவனாக நடந்து வந்தேன். எல்லைக்கோட்டில் இருந்த காற்றடைத்த வளைவை அதற்குள் இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தீர்ந்திருந்தது. எனக்குப் பின்னால் ஓர் அறுபது வயது அக்கா வந்துகொண்டிருந்தார். மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்த பையன் அவரைப் பார்த்ததும் கம்பியை மறுபடி செருகி, அவர் பேரைக் கேட்டுச் சத்தமாக அறிவித்தான். சம்பளத்துக்கு வேலை செய்த அந்தப் பையனுக்கு இருந்த புத்தி, கால அட்டவணை போட்டவர்களுக்கு இல்லை.

மலை என்று வந்தால் இன்னொரு கடினமான பேச்சு இருக்கிறது. 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைக் கொன்றது. அதன்பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்துத் திறந்தது. திறனுக்கேற்ற பாதை என்பதை ஒரு வனத்துறை ஒழுங்காக யோசித்த உதாரணம் அது. கேரளத்தில் விழிஞ்ஞம் இருக்கும் அதே மாவட்டத்தின் அகத்தியர்கூடம் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,868 மீட்டர். பெண்கள் ஏறுவதற்கே 2018-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில்தான் அந்தத் தடை உடைந்தது. அந்தக் காட்டுக்குள் ஆயிரம் பேரை எண் குத்திய பனியனோடு அனுப்புவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். தர்மத்தின் பேரால் என்றாலும் காலடி காலடிதான்.

விழிஞ்ஞத்தில் உட்கார்ந்து மலையைப் பற்றிப் பேசுவதில் ஒரு கேலி ஒளிந்திருக்கிறது. 2025 மே 2-இல் தொடங்கிவைக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் அலைத்தடுப்பு கடலுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் நீள்கிறது. அந்தக் கருங்கல்லில் ஒரு பகுதி கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் குன்றுகள். நாம் மலைக்கு ஏறிப்போய் நிதி திரட்ட யோசிக்கிறோம். மலை லாரியில் இறங்கி இங்கே வந்துவிட்டது.

இங்கே மீன்துறையிலிருந்து மீன் சருவத்தைத் தலையில் வைத்து மேடேறும் பெண்களைக் காட்டி, இதுதான் உண்மையான சவால் என்று எழுதிவிடலாம். கைதட்டு கிடைக்கும், நியாயம் இருக்காது. அவர்கள் ஏறுவது பிழைப்புக்காக. விரும்பி ஏறுவதால்தான் மற்றவனின் ஏற்றம் ஈகையாகிறது. ஆனால் ‘அனைவருக்கும்’ என்று அச்சடித்த அழைப்பு அவர்கள் கைக்குப் போனதா, பதிவுக் கட்டணம் அவர்களுடைய எத்தனை நாள் லாபம் என்று கேட்பது நியாயம்தான்.

விழிஞ்ஞத்துக்காரர்கள் ஒரு மலைச் சவால் நடத்துவதானால் நான் பொன்முடியைச் சொல்வேன். தார்ச்சாலை, 22 கொண்டை ஊசி வளைவுகள். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டியையே நடத்திய மலை. கிலோமீட்டருக்குப் பதிலாக வளைவைக் கணக்காக்கலாம்: ஒரு வளைவுக்கு இவ்வளவு என்று பணம். மூன்றாம் வளைவில் உட்கார்ந்துவிட்டவர் தோற்றவர் அல்ல, மூன்று வளைவு ஏறியவர். ஒருவருடைய பணமும் இன்னொருவருடைய கால்களும் ஒரே அணியில் சேரட்டும். நேர வரம்பு வேண்டாம், சூரியன் போதும். இந்தத் திட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து. கை பிரேக்கைப் பிடித்தே ஓய்ந்துபோகும். வயதானவர்களின் முழங்காலுக்கும் அப்படித்தான். ஆகவே முதலில் பேச வேண்டியது பனியன் நிறத்தைப் பற்றி அல்ல, எந்தெந்த வளைவில் பஸ் நிற்கும், அதன் படிக்கட்டு எவ்வளவு உயரம் என்பதைப் பற்றி.